மேற்கைப் பார்த்து நிற்கிற லொறி

‘உங்கட லொறி எங்கட கெணத்தடிய எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிது, எனக்குக் குளிக்க வெக்கமா இரிக்கி.’ இப்பிடித்தானே டீச்சர் சொல்லிவிட்டீங்க? நான் ஒரு சொல்லுக் கூட்டவுமில்ல, குறைக்கவுமில்ல. மீன்காரி ஜெமீலா கூடைய இறக்கி வெக்க முந்தி இதத்தான் ஒப்புவிச்சா, அதுவும் உங்கட மாவனெல்லை இழுவையோட. நில்லுங்க, நில்லுங்க. வாளியையும் கொடையையும் அந்தக் கல்லுல வெச்சிட்டு ஒரு நிமிசம் வேலி மூலைக்கு வாங்க. மேல பாருங்க. இஞ்ச, லொறிட யன்னலுக்குள்ள. ஓம், நான்தான், கைருன்னிஸா. பஸ் டிப்போ மக்கீன் போமன்ர பொஞ்சாதி. நீங்க இந்தப் பக்கம் குடி வந்து ரெண்டு மாசம், மொகத்தப் பாத்துக் கதைக்க இண்டைக்குத்தான் கெடச்சிரிக்கி, அதுவும் இந்தக் கம்பிக்குள்ளால. நான் ஏன் இதுக்குள்ள இரிக்கன் எண்டு கேக்காதீங்க. தூசி தட்ட வந்தன் எண்டு வெச்சிக்கங்க.

முதல்ல ஒண்டு சொல்லுறன். லொறி உங்களப் பாக்கல்ல. பாக்கிறத்துக்கு அதுக்குக் கண்ணே இல்ல. முன்னால இரிக்கிற ரெண்டு லைற்றுல ஒண்டு தியத்தலாவையில இருந்து வரக்குள்ளயே குருடு. மத்ததுக்கு எங்கட மனிசன் பழைய சாரத்துண்டக் கட்டி வெச்சிரிக்காரு, கண்ணாடியில கீறல் விழுமாம். செக்கு மாடு மாதிரி கண்ணக் கட்டிக்கிட்டு நிக்கிற ஒரு சாமானப் பாத்து வெக்கப்படுறதெண்டா... சரி, உங்கட வெக்கம் உங்களுக்கு. நான் குத்தம் சொல்லல்ல.

என்ன? மத்தப் பக்கம் திருப்பி நிப்பாட்டினா என்னவா? அதத்தானே சொல்ல வாறன். திருப்ப ஏலாது டீச்சர். அது மேக்கப் பாத்துத்தான் நிக்கோணும். வேற பக்கம் பாத்து நிண்டா அதுக்குள்ள மனிசர் படுக்க ஏலாது.

லொறிக்குள்ள கட்டில் போட்ட அண்டு நடந்த கூத்துக்கு நீங்க இருந்திருக்கோணும். காரைதீவில இருந்து அழகரெத்தினம் எண்டு ஒரு ஓடாவி வந்து மரவேல செஞ்சாரு. தோணி கட்டுறவரு. வீட்டு வேல செய்யிற ஓடாவிமாரு எல்லாரும் லொறி எண்டதும் சிரிச்சிட்டுப் போயிட்டாங்க, இந்த மனிசன் மட்டும் சுத்திச் சுத்திப் பாத்திட்டு, ‘தலகீழாக் கவுத்த தோணிதானே போமன், கட்டிருவம்’ எண்டாரு. கட்டியும் போட்டாரு. பலகைக்குப் பலகை இடையில பஞ்ச அடச்சு தார் பூசி... மழத்தண்ணி ஒரு சொட்டு உள்ளுக்கு வராது, கடல்ல தள்ளினாலும் மிதக்கும். ஆரு கடல்ல தள்ளப் போறா எண்டுதான் நான் கேட்டன். மூணு மாசத்துக்கு முந்தியெண்டா நானே தள்ளியிருப்பன்.

அந்த ஓடாவிக்கு நாங்க தொழுற திசை, கிப்லா, தெரியுமா, பாவம். பலகையும் ஆணியும் வெச்சிக்கிட்டு நிக்கிறாரு. வளவுல நிண்ட ஒரு ஆள் சொன்னா, ‘கிப்லாப் பக்கம் கால நீட்டுற மாதிரி கட்டிலப் போட்டுறாதீங்க, தலமாடு மேக்க வரோணும்’ எண்டு. லொறி அப்ப நிண்ட மாதிரிக்கு மேக்கு எண்டா மூக்குப் பக்கம். அவரும் தலமாட்ட மூக்குப் பக்கம் வெச்சு, எட்டு ஆணி, நாலு போல்ற், அசையாம அடிச்சு முடிச்சிட்டாரு. எல்லாரும் திருப்தி. பொறகு பாத்திஹா ஓத பள்ளிவாசல் லெவ்வை வந்தாரு. ஓதினாரு, வட்டிலப்பம் திண்டாரு, ஏறி உள்ளுக்குப் பாத்தாரு, இறங்கக்குள்ள மெதுவாக் கேட்டாரு, ‘போமன், வண்டி கண்டிக்குப் போற வழியில கிழக்கால திரும்பி நிண்டா இந்தக் கட்டில் என்ன செய்யும்?’ எண்டு. ஓடாவி ஆணிப் பையக் கட்டினாரு. எங்கட மனிசன் தாடியத் தடவிக்கிட்டு அரை மணித்தியாலம் நிண்டிட்டு, ஸ்டியரிங்குப் பக்கத்துல ஒரு திசைகாட்டியப் பூட்டினாரு. எந்த ஊருக்குப் போனாலும் மூக்க மேக்க வெச்சுத்தான் நிப்பாட்டுவாராம். எங்கட வளவுக்கு மேக்க உங்கட கெணறு இரிக்கி. இதுல லொறிட குத்தம் என்ன, எங்கட குத்தம் என்ன?

வளவுல நிண்டு அப்பிடிச் சொன்ன ஆள் ஆரெண்டா? அது... ஆரோ ஒரு ஆள். அத விடுங்க.

பஸ்ஸுக்கு நேரம் இரிக்கி டீச்சர், உங்களுக்கு மத்தியான வகுப்புத்தானே, மணிக்கூட்டப் பாக்காதீங்க. அக்கரைப்பத்து பஸ் எண்டைக்கு நேரத்துக்கு வந்தது? எங்கட மனிசன் டிப்போவில போமனா இருக்கக்குள்ளயே வரல்ல. முப்பது வருசம் டீச்சர். காக்கிச் சட்டையோட பஸ்ஸுக்குக் கீழ கெடந்தவரு. நுவரெலியாவுக்குப் போன பஸ், மன்னாருக்குப் போன பஸ், கதிர்காமத்துக்குப் போன பஸ், எல்லாத்துட வயித்தையும் பாத்திரிக்காரு, அது போன ஊர் ஒண்டையும் பாக்கல்ல. பென்சன் எடுத்து வந்து ஒரு கெழம சும்மா இருந்தாரு. ரெண்டாங் கெழம குசினிக்குள்ள வந்து என்ட அடுப்பக் கழட்டிப் பூட்டினாரு. மூணாங் கெழம தியத்தலாவையில ஆமிக்காரன் பழைய லொறி ஏலம் விடுறானாம் எண்டு பேப்பர்ல பாத்தாரு. சரி, ஏலம் பாக்கப் போறாரு, ரெண்டு நாள் வீட்டுல அமைதி எண்டு நான் சோறு கட்டிக் குடுத்து அனுப்பினன். அந்தச் சோத்துப் பொட்டலத்துக்கு இண்டைக்கும் வருந்துறன்.

பின்னேரம் அசர் தொழுது முடியிற நேரம் வந்து சேந்தாரு. நீங்க அப்ப இஞ்ச வரல்ல. பச்ச நெறம், பக்கத்துல வெள்ள நம்பர், முன்னால காக்கிச் சட்டையோட எங்கட மனிசன். சந்தியில தேத்தண்ணிக் கடையில காசு வெச்சுக் கடதாசி வெளையாடிக்கிட்டு இருந்த பெரிய மனிசரெல்லாம் ஆமி வந்திட்டு எண்டு பின் கதவால பாஞ்சு வாய்க்காலுக்குள்ள இறங்கிட்டாங்க. அதுல ஒருத்தரு பள்ளிவாசல் நிர்வாகத்துல இரிக்காரு, பேர் சொல்ல மாட்டன். அண்டையில இருந்து எங்கட மனிசனக் கண்டா அவரு சலாம் சொல்லுறல்ல. இதுக்குள்ள எங்கட ஆள் இறங்கி வந்து சொல்லுற கதையப் பாருங்க. சூறாவளி அடிச்ச வருசம் எங்களுக்கு மா மூடை கொண்டு வந்து இறக்கின லொறி இதுதானாம், மூஞ்சியப் பாத்ததும் கண்டு புடிச்சிட்டாராம். எல்லா ஆமி லொறிக்கும் ஒரே மூஞ்சிதானே டீச்சர். சொந்த மாமிட மகளக் கலியாண ஊட்டுல அடையாளம் தெரியாம ‘நீங்க ஆர்ர புள்ள’ எண்டு கேட்டவரு இவரு.

அதுலதான் வீடு கட்டப் போறன் எண்டாரு. உருளுற வீடு. கட்டில், அடுப்பு, தண்ணித் தாங்கி, அலுமாரி. ரெண்டு பேரும் ஊர் ஊராப் போவமாம். நான் கொன்வென்ட்டில படிச்சவள் டீச்சர். மட்டக்களப்பு கொன்வென்ட்டில போடிங்கில இருந்து எஸ்எஸ்ஸி வரைக்கும் படிச்சன். தையல், எம்பிராய்டரி, மேச எப்பிடி வெக்கிறது, சத்தமில்லாம எப்பிடிக் கதவு சாத்துறது, எல்லாம் படிச்சன். லொறியில எப்பிடிக் குடியிரிக்கிறது எண்டு சிஸ்டர்மார் ஒருத்தரும் சொல்லித் தரல்ல. நான் வளவுல நிண்டு, ரெண்டு மகளும் கேக்க, மூத்த மருமகன் கேக்க, ஓடாவியும் கேக்கச் சொன்னன், ‘இந்த லொறிக்குள்ள என்ட கால் பட்டா நான் அச்சிமுகம்மது மரைக்காரு மகளில்ல’ எண்டு. மூணு மாசம். ஒரு படியில ஏறல்ல. வேல முழுக்க வெளியில நிண்டுதான் பாத்தன். பாத்தன் எண்டா... ஒண்டு ரெண்டு சொல்லியும் இரிக்கன், இல்லயெண்டா அவங்க ரெண்டு பேரும் குசினிய கட்டிலுக்குக் கீழ வெச்சிருப்பாங்க.

ஓம், இப்ப உள்ளுக்குத்தான் இரிக்கன். தெரியும். அதத்தான் கேக்காதீங்க எண்டன்.

உங்கட மாவனெல்லையில வேற மாதிரி எண்டு கேள்விப்பட்டிரிக்கன். பொம்புள மாப்புளட வீட்டுக்குப் போறவவாம். எங்கட பக்கம் அப்பிடியில்ல. மாப்புளதான் பொட்டியத் தூக்கிக்கிட்டு வாறவரு. வீடு பொம்புளப் புள்ளைக்கு. அவள்ர பேருக்கு எழுதி, தெறப்பக் கையில குடுத்து, உம்மாவும் வாப்பாவும் வெளிக்கிட்டுருவாங்க. எனக்கு என்ட உம்மா இதே கல்முனைக்குடி றோட்டுல தந்த வீட்ட, மூத்தவள் றாஹிலாட கலியாணத்தண்டு அவளுக்குக் குடுத்தன். நான் வெச்ச முருங்கையோட. பொறகு இந்த வளவ வாங்கி, இந்த வீட்டக் கட்டி, சூறாவளி ஓட்டத் தூக்கிக்கிட்டுப் போக, திருப்பி ஓடு போட்டு... இது இளையவள் நதீராட வீடு. கட்டக்குள்ளயே தெரியும், இது அவள்ர. வெள்ளிக்கெழம நிக்காஹ். இண்டைக்கு புதன். எண்ணிப் பாருங்க டீச்சர், ரெண்டு வீடு, ரெண்டு மகள். பாடசாலையில கணக்குத்தானே படிப்பிக்கிறீங்க, மிச்சம் எத்தினை எண்டு நீங்களே சொல்லுங்க.

வழமையா என்ன செய்யிறதெண்டா, உம்மா வாப்பா பின்னால குசினிப் பக்கம் ஒரு அறையில இருந்துக்குவாங்க. ஊரெல்லாம் அப்பிடித்தான். ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க. நாங்களும் அப்பிடித்தான் இருந்திருப்பம், இந்த மனிசனுக்கு லொறிப் பைத்தியம் புடிக்காட்டி...

இல்ல. அது சரியில்ல. அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்லோணும்.

டீச்சர், நீங்க வெளியூர் ஆள், உங்களுக்குச் சொன்னாப் பறவாயில்ல. கலியாணம் பேசி முடிச்ச அண்டு, ஆம்புளயள் முன்னுக்கு மண்டபத்துல, நாங்க உள்ளுக்கு. மாப்புளட உம்மா ஸுல்பிகா, நிந்தவூர் ஆள், நல்ல மனிசி, கெட்டதா ஒண்டும் சொல்லல்ல. வெத்தில மடிச்சிக்கிட்டு பின் கதவால எட்டிப் பாத்திட்டு, ‘கலியாணத்துக்குப் பொறகு நீங்க ரெண்டு பேரும் இப்பிடிக் குசினிப் பக்கம் ஒதுங்கிக்குவீங்க, என்ன சம்மந்தி’ எண்டா. அவ்வளவுதான். சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னா. அந்த ‘ஒதுங்கிக்குவீங்க’ எண்ட சொல்லு இரிக்கே டீச்சர். மீன் முள்ளு மாதிரி தொண்டையில நிண்டிட்டு. நான் கட்டின வீட்டுல நான் ஒதுங்கோணும். நான் முதுகை நிமித்திக்கிட்டு, கொன்வென்ட்டில பாட்டு வாசிக்கிற குரல்ல சொன்னன், ‘இந்த வளவுல ஒரு அடுப்புக் கல்லும் நாங்க வெச்சிக்க மாட்டம். எங்களுக்கெண்டு வேற வீடு இரிக்கி.’

வீடெங்க இரிக்கி? ஒரு கோழிக்கூடும் இல்ல.

திரைக்கு அந்தப் பக்கம் ஆம்புளயள் எல்லாரும் கேட்டுட்டாங்க. எங்கட மனிசனும் கேட்டிரிக்காரு. ‘அப்பிடியா போமன், எந்தப் பக்கம் வீடு’ எண்டு சம்மந்தகாரன் கேக்க, இவரு தேத்தண்ணியக் குடிச்சு முடிச்சிட்டு, ‘வேல நடக்குது, கலியாணத்துக்கு முந்திக் காட்டுறம்’ எண்டாரு. அவங்க எல்லாரும் போன பொறகு என்னை ஒண்டும் கேக்கல்ல. ஏன் சொன்னாய் எண்டு ஒரு வார்த்த இல்ல. சண்ட புடிச்சிருந்தா நானும் புடிச்சிருப்பன், கணக்கு முடிஞ்சிருக்கும். அதப் பத்தி வாயே திறக்காமப் போய் தியத்தலாவை பஸ்ஸுல ஏறிட்டாரு. அந்தப் பச்சச் சாமான் வேலிக் கடப்புக்குள்ள வந்து நிண்ட நேரம் எனக்கு வெளங்கிட்டு, இதுதான் நான் சொன்ன வீடு எண்டு. அதாலதான் அப்பிடிக் கோவம் வந்திச்சு. பொறகுதான் சத்தியம் பண்ணினன், ஊர் முழுக்க அவருக்குப் பைத்தியம் எண்டு சொல்லித் திரிஞ்சன். மீன்காரி ஜெமீலாக்கும் சொன்னன். உங்களுக்கும் அவ சொல்லியிருப்பா.

இண்டைக்கு ஸுல்பிகா வாறா. பத்து மணிக்கு. வீட்டையும் பாத்திட்டு, எங்கட வீட்டையும் பாக்கோணுமாம். எங்கட மனிசன் காலத்தாலயே நிந்தவூருக்குப் போயிட்டாரு, கலியாணச் சொல்லு சொல்ல. நதீரா மருதாணிக்கு ராத்தா றாஹிலாட வீட்ட. வளவுல ஒரு குருவியும் இல்ல. நான் யோசிச்சன், யன்னலுக்குத் திரையில்லாம நாலு பேர் பாக்கிற மாதிரி கெடக்கு, அளவெடுத்து ஒரு திரையத் தச்சுப் போட்டா ஸுல்பிகாக்கு முன்னால கொஞ்சம் மரியாதையா இரிக்கும். ஆர் வந்து போட்டதெண்டு ஆருக்குத் தெரியப் போகுது. அளவு நாடாவ இடுப்புல சொருகிக்கிட்டு ஏறினன். படி டீச்சர்... அந்தப் படி ஒவ்வொண்டும் அரை அடிக்கு மேல ஒசரமில்ல. எனக்கு வலது முழங்கால் மடங்காது. அவருக்கு நல்லா மடங்கும். ஆருக்கு அப்பிடிக் கட்டினது?

உள்ளுக்கு வந்தா அலுமாரித் தட்டெல்லாம் என்ட தோளுக்குக் கீழ. அவரு ஆறடி மனிசன், இதுக்குள்ள அவரு குனிஞ்சு குனிஞ்சுதான் சாமான் எடுக்கோணும். யன்னலுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம், நாலு பக்கமும் பலகை அடிச்சு, ஒரு சாமானும் வெக்காம வெறுமையா விட்டிரிக்கி. தண்ணித் தாங்கிக்கா எண்டு பாத்தா அது பின்னால. நாடாவ வெச்சு அளந்தன். என்ட தையல் மெசின்ர அளவு. அரை இஞ்சி பிசகல்ல. மெசின் நிக்கிற இடத்துக்கு நேர வெளிச்சம் விழோணும் எண்டு அந்த யன்னல, இந்த யன்னல, நான் இப்ப உங்களோட கதைக்கிற யன்னல... என்னக் கேக்காம எப்ப அளந்தாரு? நான் அந்த மெசின்ல இருந்து எழும்புறதே இல்லையே.

அந்த நேரத்துலதான் டீச்சர் காத்து அடிச்சது.

பின் கதவு கெழக்குப் பக்கம். மூக்கு மேக்க நிண்டா வால் கெழக்கதானே. கடல் காத்து நேர வந்து கதவ அடிச்சிது. ‘டக்’ எண்டு ஒரு சத்தம். சும்மா கதவெண்டாத் தள்ளித் திறக்கலாம். அதுல ஒரு கொளுக்கி இரிக்கி, வெளிப் பக்கம், சாத்தினாத் தானா விழுறது. உள்ளுக்கு ஒண்டும் இல்ல. ஒரு புடியும் இல்ல. ஆர் இப்பிடி மொட்ட வேல பாத்ததெண்டு நீங்க கேப்பீங்க. போன மாசம் ஊரார்ர ஆடெல்லாம் படியில ஏறி உள்ளுக்குப் போய் ஓடாவிட பஞ்சத் திண்டிட்டு. நான் வளவுல நிண்டு சத்தம் போட்டன், வெளியால ஒரு கொளுக்கி போடுங்க, தானா விழுற மாதிரி. ஓடாவி தலையச் சொறிஞ்சிக்கிட்டு கேட்டாரு, ‘அப்ப உள்ளுக்கு இருக்கிறவங்க எப்பிடித் திறக்கிற ராத்தா?’ எண்டு. நான் சொன்னன், ‘உள்ளுக்கு ஆர் இரிக்கப் போறா?’

யன்னலுக்குக் கம்பியும் நான்தான் போடச் சொன்னன், கள்ளனுக்கு.

கட்டில மேக்க போடச் சொன்ன ஆளும் நான்தான். அத முதல்லயே கண்டு புடிச்சிருப்பீங்க, படிப்பிக்கிற ஆள்தானே.

சத்தம் போட்டுக் கூப்பிடலாம், எனக்குத் தொண்ட இல்லாமலில்ல. றோட்டுக்குக் கேட்டா முதல்ல வாறவள் றாஹிலா, அவளுக்குப் பொறகு மருமகன், அவங்களுக்குப் பின்னால என்ட சத்தியம். எல்லாத்தையும் விட, ஸுல்பிகா வந்து நிக்கக்குள்ள கோழிய அடச்ச மாதிரி நான் கம்பிக்குள்ளால மொகத்தக் காட்டி, வாங்க சம்மந்தி, இதுதான் எங்கட வீடு எண்டு சொல்லோணுமா? நான் கதவடியில நிண்டு, படியில இறங்கி, கையப் புடிச்சு ஏத்திக் காட்டோணும் டீச்சர். இந்த அலுமாரி, இந்த அடுப்பு, இது என்ட மெசின் நிக்கிற இடம் எண்டு. அப்பிடித்தான் காட்டோணும். இவ்வளவு செஞ்ச மனிசனுக்கு அதையாவது செய்யாட்டி...

அதால உங்களுக்கு ஒரு சின்ன வேல. கெணத்தடிப் பக்கம் வேலியில ஒரு ஓட்டை இரிக்கி, உங்கட பூனை வாறது, கொஞ்சம் குனிஞ்சா நீங்களும் வரலாம். சுத்தி வந்து அந்தக் கொளுக்கிய ஒரு விரலால தூக்கிவிட்டாக் காணும். லொறிய நான் சொல்லி ரெண்டு அடி பின்னுக்கு எடுக்க வெக்கிறன், மூக்குக்குப் படங்கும் போட்டு மூடுறன், நீங்க நிம்மதியாக் குளிக்கலாம். ஆருக்கிட்டயும் சொல்லக்கூடாது. ஜெமீலாக்கிட்ட மட்டும்...

டீச்சர்?

வாளி கல்லுல இரிக்கி. கொடையக் காணல்ல. செருப்பையும் காணல்ல. அந்த ஹோன் சத்தம் அக்கரைப்பத்து பஸ்ஸா? இண்டைக்கெண்டு நேரத்துக்கு வந்திரிக்கே, அல்லாஹ்வே. எந்த இடத்துல போனாவோ. கிப்லாக் கதையிலயே போயிட்டாவோ...

பின்னால ஆரோ செருமின மாதிரி இரிக்கி. கடப்படியில.

டீச்சரா?... இல்ல. இந்தச் செருமல எனக்குத் தெரியும். எப்ப வந்தீங்க? நிந்தவூருக்குப் போன ஆள் இவ்வளவு கெதியா... எவ்வளவு நேரமா அதுல நிக்கிறீங்க? படிக் கதையில இருந்தா, தையல் மெசின் கதையில இருந்தா? முழுக்கக் கேட்டீங்களா?

சரி, தாடியத் தடவாதீங்க. மணி பத்தாகப் போகுது, அவங்க வந்திருவாங்க. அந்தக் கொளுக்கியக் கொஞ்சம் தூக்கிவிடுங்க. சிரிக்காமத் தூக்குங்க.